அத்தை ஏறிய ஏரோப்பிளேன்

இலங்கையில் காப்பிக் காலம் முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது, அதற்குப் பிறகு எல்லாம் தேயிலைதான் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு மட்டும் அந்தச் செய்தியை யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை போலிருக்கிறது. குண்டசாலைக்கு அப்பால், மகாவலி வளைந்து போகிற பள்ளத்தில், கொக்கோவுக்கும் மிளகுக்கும் நடுவில் நாங்கள் இன்னும் காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தோம். பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது, எந்த மாடு எப்போது கன்று போட்டது என்று எதைக் கேட்டாலும், காப்பி பூக்கும் முன்னாலா, பழுத்த பிறகா என்றுதான் எங்கள் ஆட்கள் காலத்தைச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது பழுத்த பிறகு நடந்தது. ஆற்றங்கரைக் களம் நிறையக் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது.

அப்போது எங்களுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். இளவயசுக்காரர். யுத்தத்தில் விமானம் ஓட்டியவர் என்று சொல்வார்கள். காரும் குதிரையும் இருந்தும் மனசு ஆறாமல் ஒரு சின்ன ஏரோப்பிளேனை வாங்கிவிட்டார். எருமை மேய்ந்துகொண்டிருந்த ஆற்றோரப் புல்தரையை எங்கள் ஆம்பிளைகள் வெட்டிச் சமப்படுத்தி, இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்பு பூசிய கல்லை வரிசையாகப் பதித்து, அது ஓடுவதற்கு வழி செய்து கொடுத்தார்கள். எருமைகளுக்கு இதில் சம்மதமில்லை. விரட்ட விரட்ட வந்து அங்கேயேதான் படுத்தன.

கொழும்பிலிருந்து துரை அதை ஓட்டிக்கொண்டு வந்து இறக்கியபோது எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். யானை அளவுக்கு எதிர்பார்த்திருந்தோம். மஞ்சள் நிறத்தில், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடிய ஒரு கூண்டு, அதன் தலைக்கு மேலே நீளமாக இறக்கை, கீழே இரண்டு கால், காலுக்கு ஒரு சக்கரம். அந்தச் சக்கரம் கைவண்டிச் சக்கரத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. என் அப்பா தோட்டத்து லொறி டிரைவர். வண்டி என்று எது வந்தாலும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். இதையும் வயிற்றுப் பக்கத்தில் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, "துணி புள்ள, வெறும் துணி!" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது.

எங்கள் தோட்டத்துக்கு எந்த வண்டி புதிதாக வந்தாலும் பூசை போடாமல் ஓட விடமாட்டார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்குக் கீழேயும் ஒரு எலுமிச்சம்பழம், முன்னால் ஒரு தேங்காய், எல்லாம் முடிந்து வண்டி புறப்படும்போது வழியில் ஒரு நீத்துப்பூசணிக்காய். பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றி, வழி நடுவில் போட்டு உடைக்க வேண்டும். வண்டி அதன்மேல் ஏறிப் போனால்தான் கண்ணூறு கழியும். இந்த உடைக்கிற வேலை மாமாவுக்கு உரியது. மாமா என்றால் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். காப்பி ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவர், அதிகம் பேசாத மனிதர். லொறிக்கு உடைத்த காய் போதாது, இது ஆகாயத்துக்குப் போகிற வண்டி, இதைப் பார்க்கிற கண்ணும் அதிகம் என்று தானாகவே முடிவு செய்து, கம்பளைச் சந்தைக்குப் போய் ஒரு ஆள் தூக்க முடியாத காயாகப் பார்த்துத் தூக்கி வந்திருந்தார்.

அப்பா கற்பூரத்துக்கு மட்டும் தடை போட்டார். பெட்ரோல் வண்டி, பக்கத்தில் நெருப்பே கூடாது என்றார். பெரிய கங்காணி, கற்பூரம் இல்லாத பூசை ஒரு பூசையா என்று முறைத்தார். துரை வெயில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கையை வைத்தபடி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு பார்த்தார். அவருக்கு வேடிக்கை பிடிக்கும்.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பொட்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கிற குரல். அவளுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர், நடுவில் நான். ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளை லயம் என்போம், அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. எங்கள் லயத்துக்கு மேலே, மேட்டு லயத்தில் அவள் காம்பரா. நான் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். ஆனால் அந்த வருஷம் தீபாவளியிலிருந்து அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. தீபாவளிக்கு மறுநாள் அத்தை வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத மெல்லிய குரலில் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் என்னா பூனைக்குட்டியா போட்டு வச்சிருக்கேன், ஆளுக்கொண்ணு தூக்கிக் குடுக்க?"

அம்மா ஊற்றிவைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் அத்தை எழுந்து போய்விட்டாள். எங்கள் வீட்டுப் பூனை அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. சண்டை அதைப் பற்றித்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு குட்டி கொடுத்தால் குறைந்தா போய்விடும், இந்த அம்மாவுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே களத்தில் காப்பி கிளறினாலும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டுதான் கிளறினார்கள்.

பூசை முடிந்ததும் துரை, பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது, தோட்டத்து ஆள் ஒருவர் வரலாம், கண்டிக் குளத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு வருகிறேன் என்று தன்னுடைய உடைந்த தமிழில் சொன்னார். எல்லாரும் பெரிய கங்காணியைப் பார்த்தார்கள். பெரிய கங்காணிக்கு அந்த நிமிஷத்தில் முழங்கால் வலி வந்துவிட்டது. அப்பா துணியைத் தட்டிப் பார்த்தவர், அதனால் வாயைத் திறக்கவில்லை. மற்ற ஆம்பிளைகள் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொம்பிளைகள் கூட்டத்திலிருந்து அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் போறேன். எனக்கு என்னா, வுழுந்தா பின்னால நின்னு அழ ஆரு இருக்கா?"

துரைக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் முகம் அம்மா நின்ற பக்கம் இருந்தது. அழ ஆளில்லை என்று அவள் சொன்னபோது மாமா பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்திலேயே நின்றார். நானும் அங்கேதான் நின்றேன். எனக்கு உடனே அழுகை வந்தது. அதைப் பார்த்தாவது அத்தை போகாமல் நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா தன் கையில் இருந்த கடைசித் தம்பியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

மாமா காயை ஏரோப்பிளேனுக்கு முன்னால் கொண்டுபோனார். அப்பா ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுத்தார். "அந்த விசிறிக்குக் கிட்டப் போவாதீங்க மச்சான், தலை போயிரும். தூரமாப் போய் ஒடைங்க." மாமா சொன்ன சொல் தட்டாதவர். ஓடுபாதையில் பாதித் தூரம் நடந்துபோய், அங்கே சுற்றி உடைத்தார். அவ்வளவு பெரிய காய் பாதை முழுக்கத் தெறித்தது. நல்லா ஒடஞ்சிருக்கு என்று கங்காணிகூடப் பாராட்டினார். துண்டுகளைப் பொறுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. லொறி எத்தனை பூசணிக்காய்மேல் ஏறிப் போயிருக்கிறது.

ஏரோப்பிளேன் நகர்ந்தது. எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கின. எல்லாரும் கைதட்டினார்கள். வரவர வேகம் பிடித்து, பூசணித் துண்டு கிடந்த இடத்துக்கு வந்ததும் சறுக்கி ஒரு பக்கமாக இழுத்தது. துரை உட்கார்ந்திருந்த பக்கத்துச் சக்கரம் ஓரத்துச் சுண்ணாம்புக் கல்லில் போய் மோதிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. அதற்குள் அது எழும்பிவிட்டது. மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு மேலே போனபோது மறுபடி கைதட்டல். கீழே, ஓடுபாதையில், ஒரு சக்கரம் மட்டும் தன்பாட்டுக்கு உருண்டு போய்க்கொண்டிருந்தது. போய் எருமைச் சேற்றில் விழுந்தது.

முதலில் அது என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. அப்பாதான் ஓடிப்போய்ச் சேற்றிலிருந்து எடுத்து வந்தார். கைதட்டல் நின்றுபோனது. ஏரோப்பிளேன் கண்டிப் பக்கத்து மலைக்கு அப்பால் மறைந்து, சத்தமும் தேய்ந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. எங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அந்த நினைப்புதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. விழப்போகிறவளுக்கு மட்டும் விழப்போவது தெரியவில்லை.

அப்பா சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியாமல் இறக்கினால் என்ன ஆகும் என்று சொன்னார். சக்கரமில்லாத கால் மண்ணில் குத்தும், வண்டி கவிழும், உள்ளே பெட்ரோல், மேலே துணி. தெரிந்து இறக்கினால், நல்ல சக்கரத்தின் பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் காலில் முடிந்த மட்டும் ஓட்டி, வேகம் குறைந்த பிறகு மற்றப் பக்கத்தை விடலாம். துரை கெட்டிக்காரர், தெரிந்தால் செய்துவிடுவார். தெரியவேண்டுமே. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, துரை பங்களாவுக்கு ஓடிப்போய் டெலிபோன் பண்ணுகிறேன் என்று கிளம்பினார். யாருக்குப் பண்ணுவீங்க, ஆகாயத்துக்கா என்று அப்பா கேட்டார். கணக்குப்பிள்ளை பாதி வழியில் நின்றுவிட்டார்.

மாமாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் தானாகப் போய் ஓடுபாதையில் மண்டியிட்டு, பூசணித் துண்டுகளைப் பொறுக்கிச் சாரத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். துண்டு முடிந்ததும் விதையைப் பொறுக்கினார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொறுக்கினேன். அவர் எடுத்த விதை திரும்பத் திரும்பக் கீழே விழுந்தது.

சத்தம் திரும்பி வந்தது. துரைக்கு வேடிக்கை காட்டும் ஆசை. எங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து வந்தார். நாங்கள் எல்லாரும் பாதைக்கு ஓடி, இறங்காதே இறங்காதே என்று இரண்டு கையையும் ஆட்டினோம். மேலேயிருந்து அத்தை கண்ணாடிக் கதவைத் தள்ளி, முந்தானையை வெளியே நீட்டி ஆட்டினாள். அவள் பல் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் இன்னும் பலமாக ஆட்டினோம், அவளும் இன்னும் பலமாக ஆட்டினாள்.

அடுத்த சுற்றில் அப்பா லொறிக் கூரையில் ஏறி நின்று சக்கரத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். துரை தொப்பியைக் கழற்றி அசைத்துவிட்டுப் போனார். சேறு பிடித்த சக்கரம் மேலேயிருந்து பார்க்கிறவருக்கு என்னவாகத் தெரிந்ததோ. ஏரோப்பிளேன் ஆற்றோடு கிழக்கே தெல்தெனிய பக்கம் போனது. திரும்பி வந்தால் இறங்கிவிடுவார் என்றார் அப்பா. கூடப்பிறந்தவள் மேலே இருக்கிறாள், அவர் என்ன செய்வார்.

பொம்பிளைகள் ஒப்பாரியே வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் அம்மாவைத் தேடினேன். அம்மா அங்கே இல்லை. தம்பியை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் களத்துக்குப் போயிருந்தாள்.

களம் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருந்தது. காப்பி கொழித்த காலத்தில் கட்டியது, மழையிலும் வெயிலிலும் கறுத்துப்போன பெரிய சீமெந்துத் தரை. அதன்மேல் காய்ந்துகொண்டிருந்த கொட்டை வெளிறிய நிறம். அதைக் கிளறுவதற்கு நீளக் காம்பு போட்ட பலகை வைத்திருப்போம். பலகையை இழுத்தால் இழுத்த இடத்தில் கறுப்புத் தரை கோடாகத் தெரியும். அம்மா பலகையைப் போட்டு விறுவிறுவென்று இழுத்துக்கொண்டிருந்தாள். கணக்குப்பிள்ளை, "காஞ்ச காப்பியப் பாழாக்குறியே, ஒனக்குப் பைத்தியமா?" என்று கத்தினார். அம்மா நிமிரவில்லை. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு இறக்கை. நடுவில் கூண்டு. கீழே இரண்டு கால். ஒரு காலுக்குத்தான் சக்கரம்.

அழுதுகொண்டிருந்த பொம்பிளைகளுக்கு அப்போதுதான் விளங்கியது. அழுகையை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பலகையோடு ஓடிவந்தார்கள். கோடு அகலமாகி அகலமாகி நன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

அப்பா வந்து பார்த்தார். பார்த்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அம்மா எதிரில் நின்று பார்க்கிற மாதிரி வரைந்திருந்தாள். நம்மை நோக்கி ஓடிவந்த ஏரோப்பிளேனைத்தானே நாங்கள் பார்த்தோம். எதிரில் நின்றால் துரையின் இடது பக்கம் நமக்கு வலது பக்கம். துரை இதைத் தன் இடது கை, வலது கைக் கணக்கில் பார்த்தால், நல்ல சக்கரத்தைக் கெட்டது என்று நினைத்து, இல்லாத சக்கரத்தின் பக்கம் சாய்ப்பார். சொல்லாமலிருந்ததைவிட மோசம்.

"மாத்திப் போடு புள்ள, மாத்திப் போடு!"

"மாத்திப் போட்டா மட்டும் அவரு எப்பிடிப் பாப்பாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அப்பாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டி, இது வலது, அது இடது என்று கத்தினார்கள். கங்காணி தானே துரையாகி, களத்துக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தார், பிறகு திரும்பி நின்று பார்த்தார், இரண்டு தடவையும் இரண்டு விதமாகச் சொன்னார். ஆற்றுப் பக்கத்திலிருந்து சத்தம் மெதுவாகக் கேட்க ஆரம்பித்தது. மாரியம்மா, மாரியம்மா என்று மட்டும் சொன்னேன், அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அம்மா பலகையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். பிறகு கூண்டுக்குள் இறங்கி இரண்டு வட்டம் இழுத்தாள், இரண்டு முகம். சக்கரமில்லாத காலுக்கு மேலே இருந்த முகத்துக்குத் தொப்பி வைத்தாள், அகலமான விளிம்போடு துரையின் வெயில் தொப்பி. மற்ற முகத்துக்கு மூக்குக்கு இரண்டு பக்கமும் புள்ளி வைத்தாள். அதற்கப்புறம் ஸ்டோர் வாசலில் இருந்த பழக்கூடையைத் தூக்கிவந்து, நெற்றி நடுவில் கவிழ்த்தாள். சிவந்த காப்பிப்பழம், ஒரு கூடை நிறைய. கையால் அணைத்து அணைத்து வட்டமாக்கினாள். மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவளுக்கு அம்மா பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்குக் கேட்கவில்லை.

எப்படிப் பார்த்தாலும் இனித் தப்பாகாது. தொப்பி இருக்கிற பக்கம் சக்கரம் இல்லை, பொட்டு இருக்கிற பக்கம் இருக்கிறது. அப்பா அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். எல்லாரும் களத்தைவிட்டு விலகி ஓடினோம்.

ஏரோப்பிளேன் இந்தத் தடவை இறங்கத்தான் வந்தது. சத்தம் குறைந்து, மூக்கைத் தாழ்த்தி, மரங்களுக்கு மேலே அசைந்து அசைந்து வந்தது. ஒற்றைச் சக்கரமும் ஒரு மொட்டைக் காலும் தொங்குவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. களத்துக்கு மேலே வந்தது. தாண்டியும் போனது. பார்க்கவில்லை என்று யாரோ கத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூட மறந்துவிட்டேன், அதனால்தான் அது திடீரென்று உறுமிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிற சத்தம் கேட்டது.

அத்தை பிறகு இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். தொப்பியையும் பார்க்கவில்லை, சக்கரத்தையும் பார்க்கவில்லை, முதலில் கண்ணில் பட்டது சிவப்புப் பொட்டுதானாம். அட, இது நம்ம மூஞ்சியாச்சே என்று யோசித்தாளாம். அப்புறம் கீழே பார்த்தாளாம். துரையின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்து, அவர் பக்கத்துக் காலைக் காட்டினாளாம். துரையை அடித்த முதல் ஆள் அந்தத் தோட்டத்தில் அவள்தான் என்று இதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை இருக்கும்.

துரை கதவைத் திறந்து தலையை நீட்டிக் கீழே பார்த்தது எங்களுக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் வேடிக்கை காட்டவில்லை. உயரப் போய் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தார். எண்ணெய் தீரட்டும் என்று பார்க்கிறார், அப்போதுதான் தீப்பிடிக்காது என்று அப்பா சொன்னார். அந்த நேரம் போனதைப்போல இன்னொரு நேரம் என் வாழ்க்கையில் போனதில்லை. வெயில் ஏறியது. யாரும் நிழலுக்குப் போகவில்லை. மாமா ஓடுபாதையின் கடைசியில், மடி நிறையப் பூசணித் துண்டோடு, தலையை அண்ணாந்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்தத் துண்டுகளைக் கீழே போடக்கூட அவருக்குப் பயம்.

கடைசியில் இறங்கினார்கள். அத்தை பக்கமாகச் சாய்ந்துதான் வந்தது. ஒற்றைச் சக்கரம் தரையைத் தொட்டு, எம்பி, மறுபடி தொட்டு ஓடியது. அத்தை தன் பக்கத்துக் கதவோடு முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தோணியில் உட்காருகிற மாதிரி. ஓடிக்கொண்டே இருந்தது. வேகம் குறையக் குறைய மற்ற இறக்கை மெதுவாகக் கீழே வந்தது. மொட்டைக் கால் மண்ணைத் தொட்டதும் ஏரோப்பிளேன் ஒரு சுற்றுச் சுற்றி, துணி கிழிகிற சத்தத்தோடு புழுதிக்குள் போய்விட்டது. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தீயும் இல்லை. புழுதி அடங்கியபோது அது மிளகு மரம் ஒன்றில் மூக்கை இடித்தபடி சாய்ந்து கிடந்தது.

முதலில் துரை வந்தார், நெற்றியில் ரத்தம். திரும்பிக் கை கொடுத்து அத்தையை இறக்கினார். அத்தை சேலையைத் தட்டிக்கொண்டாள், கொண்டையை முடிந்துகொண்டாள். ஓடிவந்த மாமாவைப் பார்த்தாள், அவர் மடியைப் பார்த்தாள்.

"ஓரமாப் போய் ஒடைக்கக்கூடாதா அத?"

மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அழுதார்கள், எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவள் மேலெல்லாம் பெட்ரோல் வாடை அடித்தது. துரை மாமாவை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எங்கள் ஆட்களை ரொம்ப நாள் பயத்தில் வைத்திருந்தது. கொஞ்ச நாள் கழித்து ஏரோப்பிளேனைக் கழற்றி அப்பாவின் லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். எருமைகள் தங்கள் இடத்துக்குத் திரும்பி வந்தன.

அம்மா மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவள் களத்தில் நின்று, கலைந்த காப்பியைப் பழையபடி பரப்பிக்கொண்டிருந்தாள். முதலில் இறக்கை போனது, பிறகு கால்கள், பிறகு தொப்பி. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு களத்தின் ஓரத்துக்கு வந்து நின்றாள். தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிவப்புப் பழம் வெயிலில் வாடத் தொடங்கியிருந்தது. பிறகு அவளும் ஒரு பலகையை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பேசாமல் இழுத்தார்கள். ஆனால் இந்தத் தடவை ஆளுக்கொரு திசையைப் பார்க்கவில்லை.

பழத்தை எல்லாம் கூடையில் அள்ளி முடிந்த பிறகு அம்மா, கூடையைப் பார்த்துக்கொண்டே, "மதினி, இன்னைக்குப் புள்ளைய ஒங்க வூட்டுல படுத்துக்க அனுப்புறேன்" என்றாள்.

அத்தையின் கையில் பலகை அப்படியே நின்றது. ஏரோப்பிளேனிலிருந்து இறங்கியபோதுகூட அழாதவள், இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்தாள். அம்மா அவள் தலையில் ஒட்டியிருந்த மிளகு இலையை எடுத்துப்போட்டாள். எனக்கோ ஒரே சந்தோஷம். சண்டை தீர்ந்துவிட்டது, இனி ஒளிந்து ஒளிந்து மேட்டு லயத்துக்குப் போகவேண்டியதில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா என்னைக் குளிப்பாட்டி, நல்ல சட்டையைப் போட்டுவிட்டாள். ஒரு துணியை விரித்து என் உடுப்பை மடித்து வைத்துக் கட்டினாள். பள்ளிக்கூடத்துச் சட்டை, தீபாவளிச் சட்டை, கிழிந்து தைத்தது, அக்காவிடமிருந்து எனக்கு வரவேண்டியதும்கூட. ஒரு ராத்திரிக்கு இவ்வளவும் எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மூட்டை பெரிதாக இருந்ததில் பெருமைதான். அப்பா வெளியே லொறிக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வரவே இல்லை. அண்ணன், அக்கா, தம்பிகள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். எனக்கு மட்டும் கிடைத்ததில் அவர்களுக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

நான் படியிறங்கி நாலு எட்டு வைத்திருப்பேன், அம்மா கூப்பிட்டாள். திரும்பி வந்தேன். என்னைக் கீழே உட்கார வைத்து, அப்போதுதான் பின்னிவிட்ட தலையை அவிழ்த்து, எண்ணெய் தடவி, முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். எப்போதும் வெடுக்கு வெடுக்கென்று இழுத்துப் பின்னுகிறவள், அன்றைக்கு மெதுவாக, மெதுவாகப் பின்னினாள். பின்னி முடித்து, சரியில்லை என்று திரும்பவும் அவிழ்த்தாள். மேட்டு லயத்தில் விளக்கு ஏற்றிவிட்டார்கள், அத்தை பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக வந்தது. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, "சீக்கிரம் முடிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.